புதிய கேர்னலா, எல்.ரி.எஸ்-ஆ? திருநெல்வேலித் தங்கச்சிக்கு ஒரு விரிவான பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் தொடர்பு பிடிபடும். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தங்கிப் படிக்கிறீர்கள். கையில் இருப்பது கஸ்தூரியார் வீதியில் வாங்கிய பழைய நாலாம் தலைமுறை இன்ரெல் லப்ரொப், உள்ளே புரோட்கொம் வைஃபை கார்ட், ஓடுவது ஆர்ச் லினக்ஸ், அதாவது எல்லா நிரல்களும் தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிற 'ரோலிங்' வகை டிஸ்ட்ரோ (லினக்ஸ் தொகுப்பு). கேர்னல் (வன்பொருளை இயக்குகிற, சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேற் ஆனால்தான் எல்லாம் உடையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஆர்ச்சில் பொதிகளை (நிரல் தொகுப்புகளை) நிறுவுகிற பேக்மனின் அமைப்புக் கோப்பில் இருக்கும் இக்னோர் வரியில் லினக்ஸ் பொதியின் பெயரைப் போட்டு, கேர்னல் அப்டேற்றை நிறுத்திவிட்டீர்கள். அடுத்த அப்டேற்றோடு வைஃபை போய்விட்டது. இன்னொருவர் எல்.ரி.எஸ் (நீண்ட காலம் பராமரிக்கப்படும்) கேர்னல் போடச் சொன்னார், போட்டீர்கள், அதிலும் வைஃபை இல்லை. மூன்றாவது ஆள், "எல்.ரி.எஸ் ஓட்டுவதென்றால் எதற்கு ரோலிங், உபுண்டுவுக்கே போங்கோ" என்கிறார். இறுதியாண்டு ப்ரொஜெக்ட் முழுக்க அந்த மெஷினில் கிடக்கிறது, எந்தக் கேர்னலை வைத்திருப்பது என்பதுதான் உங்கள் கேள்வி.

ஆர்ச்சை விட வேண்டாம். இரண்டு கேர்னலையும் வைத்திருங்கள், அன்றாடம் எல்.ரி.எஸ்-இல் பூட் பண்ணுங்கள், அந்த இக்னோர் வரியை இன்றைக்கே அழித்துவிடுங்கள். உங்கள் வைஃபை போனதற்கும் கேர்னல் புதிதா பழசா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. அதை நிறுத்தி வைத்ததுதான் காரணம்.

எப்படி என்று பாருங்கள். அந்தப் புரோட்கொம் கார்டுக்கான ட்ரைவரை (கார்டை இயக்குகிற நிரலை) நிறுவனம் கடைசியாக வெளியிட்டது 2015இல். அதற்குப் பிறகு கேர்னலுக்குள் எத்தனையோ மாறிவிட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் டிஸ்ட்ரோக்காரர்களும் ஆர்வலர்களும் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுத்தான் அது இன்றும் ஓடுகிறது. அது கேர்னலின் சொந்த மூலநிரலுக்குள் இருப்பதில்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்கிற மொடியூல். ஆர்ச்சில் அதற்கு இரண்டு வகைப் பொதி உண்டு. ஒன்று, ஆர்ச்காரர்களே முதன்மைக் கேர்னலுக்கென்று கொம்பைல் பண்ணி (மூலநிரலை ஓடக்கூடிய பைலாக மாற்றி) தருவது. மற்றது டி.கே.எம்.எஸ் வகை, அதாவது உங்கள் மெஷினிலேயே, நீங்கள் வைத்திருக்கிற ஒவ்வொரு கேர்னலுக்கும் தனித்தனியாகக் கொம்பைல் ஆவது. உங்களிடம் இருந்தது முதல் வகை. அந்த வகையில் மொடியூல் பைல் போய் உட்காருகிற போல்டரின் பெயர் கேர்னலின் முழுப் பதிப்பு எண், கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் இலக்கம் வரைக்கும். நீங்கள் கேர்னலை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எல்லாவற்றையும் அப்டேற் பண்ணினீர்கள். ட்ரைவர் பொதி புதிய கேர்னலின் பெயருள்ள போல்டருக்குள் போய் இறங்கியது, ஓடிக்கொண்டிருந்த பழைய கேர்னலோ தன் பெயருள்ள போல்டரைத் தவிர வேறு எங்கும் தேடாது. அவ்வளவுதான் நடந்தது. பிறகு எல்.ரி.எஸ் போட்டபோது அந்த முதல் வகைப் பொதி எல்.ரி.எஸ்-க்கு உரியதே அல்ல என்பதால் அங்கேயும் வைஃபை வரவில்லை.

சரி, திருத்துவது எப்படி? போனை யூ.எஸ்.பி வயரில் கொழுவி இணையத்தைப் பகிருங்கள். அதற்குத் தேவையான மொடியூல் கேர்னலுக்குள்ளேயே இருப்பதால் புரோட்கொம் இல்லாமலே வேலை செய்யும். இக்னோர் வரியை எடுத்துவிட்டு முழு அப்டேற் ஒன்று ஓடவிடுங்கள். முடிந்ததும் கட்டாயம் ஒருமுறை றீபூட். பிறகு ஆயத்த ட்ரைவர் பொதியை நீக்கி, டி.கே.எம்.எஸ் வகையைப் போடுங்கள், அதோடு முதன்மைக் கேர்னலுக்கும் எல்.ரி.எஸ்-க்கும் உரிய ஹெடர்ஸ் பொதிகள் (மொடியூலைக் கொம்பைல் பண்ணத் தேவையான கோப்புகள் உள்ளவை) இரண்டையும் போடுங்கள். அநேகமானோர் விடுகிற இடம் இந்த எல்.ரி.எஸ் ஹெடர்ஸ்தான். கேர்னலைப் போடுவார்கள், ஹெடர்ஸைப் போடமாட்டார்கள், டி.கே.எம்.எஸ் கொம்பைல் பண்ண வழியில்லாமல் ஒரு வரி எச்சரிக்கையோடு கடந்து போய்விடும், அந்த வரி ஸ்கிரீனில் மேலே ஓடி மறைந்துவிடும். பூட் மெனுவைக் காட்டுகிற நிரலாகக் கிரப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இரண்டாவது கேர்னலைப் போட்ட பிறகு அதன் மெனுவைப் புதிதாக எழுதச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எல்.ரி.எஸ் மெனுவிலேயே தெரியாது. நீங்கள் எல்.ரி.எஸ்-இல் பூட் பண்ணினீர்களா, அல்லது பண்ணியதாக நினைத்துக்கொண்டு பழையதிலேயே இருந்தீர்களா என்பதைக்கூட ஒருமுறை பார்த்துவிடுங்கள். டெர்மினலில் யூநேம் கட்டளையை ஆர் என்ற தெரிவோடு கொடுத்தால் பதிப்பு எண்ணின் வாலில் எல்.ரி.எஸ் என்று இருக்கும்.

இனி உங்கள் பெரிய கேள்விக்கு வருவோம், ஏனென்றால் இதைச் சுற்றிப் பெடியள் கதைக்கிறதில் பாதிக்கு மேல் தவறான எண்ணம்.

கேர்னல் எப்படி வெளியாகிறது என்பது விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். ஏறக்குறைய ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒருமுறை லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு புதிய பதிப்பை விடுகிறார். முதல் இரண்டு கிழமை புதிய மாற்றங்களை உள்ளே எடுப்பது, பிறகு கிழமைக்கு ஒன்றாக ஏழு அல்லது எட்டுச் சோதனைப் பதிப்புகள், பிறகு இறுதி வெளியீடு. அது வெளியானதும் பராமரிப்பாளர்களான கிரெக் குரோவா-ஹார்ட்மனும் சாஷா லெவினும் பொறுப்பெடுத்து, பிழைதிருத்தங்களை மட்டும் சேர்த்து மூன்றாவது இலக்கத்தை ஏற்றிக்கொண்டு போவார்கள். 6.13.1, 6.13.2 என்று வருவது அதுதான். அடுத்த பெரிய பதிப்பு வந்து கொஞ்ச நாளில் முந்தியது முடிந்துவிடும், அதற்கு இனித் திருத்தமே வராது. ஆண்டின் கடைசிப் பகுதியில் வருகிற ஒன்றை மட்டும் நீண்ட காலத்துக்குப் பராமரிக்க எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் எல்.ரி.எஸ். 2022இன் 6.1, 2023இன் 6.6, 2024 நவம்பரில் வந்த 6.12, 2025 நவம்பர் முடிவில் வந்த 6.18 எல்லாம் அந்த வரிசை. முன்பு சிலவற்றை ஆறு ஆண்டு வரை பராமரித்தார்கள், 2023இல் இனி இரண்டு ஆண்டுதான் என்று குறைத்து அறிவித்தார்கள். இடையில் ஒரு சின்ன விஷயம், 6.9ஐ விட 6.12 புதியது. புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் இல்லை, தனி எண். முதல் இலக்கம் மாறுவதையும் பெரிதாக எடுக்க வேண்டாம். 4.20க்குப் பிறகு வரவேண்டிய 4.21ஐத்தான் 5.0 என்றார்கள், 5.19க்கு அடுத்ததை 6.0 என்றார்கள், எண் பெரிதாகி எழுதக் கஷ்டமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு பொருள் அதற்கு இல்லை.

எல்.ரி.எஸ் என்றால் உறைந்து கிடக்கிற, அசையாத ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எல்.ரி.எஸ்-க்கும் அநேகமாக ஒவ்வொரு கிழமையும் ஒரு புள்ளி வெளியீடு வருகிறது, சில வெளியீடுகளில் நூற்றுக்கணக்கான திருத்தங்கள் இருக்கும். அந்தத் திருத்தங்கள் எல்லாம் புதிய கேர்னலுக்கென்று எழுதப்பட்டு, பழையதற்குள் கொண்டுவந்து பொருத்தப்படுபவை. கறுத்தக்கொழும்பான் கிளையை வேறொரு மாங்கன்றில் ஒட்டுவது போன்ற வேலை அது, வெட்டிய இடம் இரண்டும் பொருந்தினால்தான் ஒட்டு பிடிக்கும்.

பொருந்தாமல் போன ஒரு இடத்தைச் சொல்கிறேன். 2023 கடைசியில் வந்த 6.1.64இல், ஈ.எக்ஸ்.ரி4 என்ற பைல் சிஸ்டத்துக்கான (டிஸ்க்கில் பைல்களை அடுக்கி வைக்கும் முறைக்கான) ஒரு திருத்தத்தைப் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்தத் திருத்தம் 6.5இல் நடந்த வேறொரு மாற்றத்தை நம்பி எழுதப்பட்டது. 6.1இல் அந்த மாற்றம் இல்லை. விளைவு, ஒரு குறிப்பிட்ட விதத்தில் பைலுக்கு எழுதும்போது எழுதவேண்டிய இடம் தவறி, டேற்றா பழுதாகக்கூடிய நிலை வந்தது. டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12.3 வெளிவருகிற நேரம் அது. அதை நிறுத்திவிட்டு, திருத்திய கேர்னலோடு டிசம்பர் 10ஆம் திகதி 12.4ஐ விட்டார்கள். இதில் கவனிக்கவேண்டியது, அந்தச் சமயத்தில் 6.5, 6.6 ஓட்டிக்கொண்டிருந்த ரோலிங்காரர்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எல்.ரி.எஸ்-இல் மட்டும் இருந்த பிழை அது.

மறுபக்கமும் உண்டு, ஒளிக்கத் தேவையில்லை. 2022 செப்டம்பர் கடைசியில் வந்த 5.19.12இல் இன்ரெல் கிராபிக்ஸ் உள்ள சில லப்ரொப்களின் ஸ்கிரீன் விடாமல் பளிச்சிடத் தொடங்கியது. பெனலுக்குக் கரண்ட் கொடுக்கிற நேர இடைவெளிகள் பிழைத்துப் போனதால் பெனலே பழுதாகலாம் என்று எச்சரிக்கை வந்தது, சில நாளில் 5.19.13 வந்தது. அதை ரோலிங்காரர்கள்தான் முதலில் வாங்கிக்கொண்டார்கள். கடைசி எண் பன்னிரண்டு, அதாவது நன்றாக முதிர்ந்த பதிப்பு என்று நம்பக்கூடிய ஒன்று. அதே ஆண்டு தொடக்கத்தில் 5.16 வந்தபோது பீ.ரி.ஆர்.எஃப்.எஸ் என்ற பைல் சிஸ்டத்தை வைத்து, தானாக ஒழுங்குபடுத்தும் தெரிவைப் போட்டிருந்தவர்களின் டிஸ்க் ஓயாமல் எழுதிக்கொண்டே இருந்தது. சோதனைப் பதிப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2021 மார்ச்சில் 5.12இன் முதல் சோதனைப் பதிப்பு, ஸ்வொப்பை (நினைவகம் போதாதபோது பாவிக்கும் டிஸ்க் இடத்தை) தனிப் பாட்டிஷனாக அல்லாமல் பைலாக வைத்திருந்தவர்களின் பைல் சிஸ்டத்தையே அழிக்கக்கூடியதாக இருந்தது. அந்தப் பதிப்பின் பெயரிலேயே பாவிக்க வேண்டாம் என்று சேர்த்துவிட்டார்கள். ஆகவே ப்ரொஜெக்ட் உள்ள மெஷினில் சோதனைப் பதிப்பு ஓட்டுவதை நான் ஒருபோதும் சொல்லமாட்டேன்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், பழசு பாதுகாப்பு, புதுசு ஆபத்து என்கிற கணக்கு கேர்னலில் சரிவராது. கேர்னலைத் தெரிவுசெய்வதற்கு எண்ணைப் பார்க்கக் கூடாது, உங்கள் மெஷினைத்தான் பார்க்க வேண்டும். இரண்டே கேள்வி: உங்கள் வன்பொருளில் ஆகப் புதிய பொருள் எது? கேர்னலுக்கு வெளியிலிருந்து வருகிற ட்ரைவரை நம்பியிருக்கிற பொருள் எது?

முதல் கேள்வி உங்களுக்குப் பொருந்தாது, நாலாம் தலைமுறை இன்ரெல்லுக்கு வேண்டிய எல்லாம் பல ஆண்டுகளுக்கு முன்பே உள்ளே வந்தாயிற்று. ஆனால் கனடாவில் இருந்து மாமா அனுப்பிய புத்தம்புது லப்ரொப் வைத்திருக்கிற ஒருவருக்கு அதுதான் முதல் கேள்வி. மீடியாரெக் எம்.ரி.7921 வைஃபை 5.12இல்தான் உள்ளே வந்தது, றியல்ரெக் 8852பி.ஈ 6.2இல், இன்ரெல் ஆர்க் கார்டுகள் தனித் தெரிவு எதுவும் கொடுக்காமல் தாமாக வேலை செய்யத் தொடங்கியதும் 6.2இல். அதைவிடப் பழைய எல்.ரி.எஸ் போட்டுக்கொண்டு வைஃபை இல்லை, கிராபிக்ஸ் இல்லை என்று திண்டாடுவதில் பயன் இல்லை. அவர்களுக்குப் புதிய கேர்னல்தான், அந்த ஆண்டின் எல்.ரி.எஸ் அவர்களின் வன்பொருளைத் தாண்டி வரும் வரைக்கும். அதோடு ஃபேர்ம்வெயார் (கார்டுகளுக்குள் ஏற்றப்படுகிற நிரல்) என்பது கேர்னலில் இருந்து வேறான பொதி, இரண்டும் சேர்ந்து புதிதாக இருக்க வேண்டும். 2025 ஜூனில் ஆர்ச் அந்தப் பொதியைப் பலவாகப் பிரித்தபோது, பழையதை நீக்கிவிட்டுப் போடச் சொல்லித் தங்கள் முகப்புப் பக்கத்தில் அறிவித்தார்கள். அதைப் பார்க்காமல் அப்டேற் கொடுத்தவர்கள் பிழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்டேற் கொடுக்க முன் அந்த முகப்பை ஒரு பார்வை பார்ப்பது நல்ல பழக்கம்.

இரண்டாவது கேள்விதான் உங்களுக்கு. புரோட்கொம் போலவே பழைய என்விடியா கார்டுகளும். ஃபேர்மி தலைமுறைக்கான 390 ட்ரைவரை என்விடியா 2022 முடிவோடு கைவிட்டது, கெப்லருக்கான 470ஐ 2024இல். யாழ்ப்பாணத்தில் கைமாறித் திரிகிற பழைய கேமிங் லப்ரொப்களில் இந்த இரண்டும் தாராளம். கைவிடப்பட்ட ட்ரைவர் ஒவ்வொரு புதிய கேர்னலோடும் கொம்பைல் ஆகாமல் நிற்கும், யாராவது ஒட்டு எழுதும் வரைக்கும். கேர்னலுக்கு வெளியிலிருந்து வருகிற ஓபன்இசட்.எஃப்.எஸ் என்ற பைல் சிஸ்டத்தைப் பாவிக்கிறவர்களுக்கும் இதே கதை, அது எந்தக் கேர்னல் வரைக்கும் ஓடும் என்று ஒவ்வொரு வெளியீட்டிலும் எழுதியிருப்பார்கள், புதிய கேர்னல் அதை முந்திக்கொண்டு வந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு எல்.ரி.எஸ் தருவது அவகாசம். அந்த ஒட்டு எழுதப்படுகிற இடைவெளியை எல்.ரி.எஸ் தாண்டவைக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அளவில் ஆர்ச்சின் எல்.ரி.எஸ் பொதியும் அடுத்த எல்.ரி.எஸ்-க்குத் தாவும், அன்றைக்கு மட்டும் கவனமாக இருந்தால் காணும்.

"அப்படியென்றால் ஏன் ரோலிங்" என்ற அந்த மூன்றாவது ஆளின் கேள்விக்கு வருகிறேன். கேர்னல் என்பது முழுச் சிஸ்டத்தில் ஒரு பொதி. உங்களுக்குப் புதிய கொம்பைலர் வேண்டும், புதிய பைதன் வேண்டும், புதிய எடிட்டர் வேண்டும், அதெல்லாம் ரோலிங்கில் இருந்து வருகிறது, கீழே கேர்னல் மட்டும் நிதானமாக நகர்கிறது. கேர்னலின் ஆட்கள் பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் மிகவும் கண்டிப்பானவர்கள் என்பதால் புதிய நிரல்கள் பழைய எல்.ரி.எஸ் மேல் தாராளமாக ஓடும். இதில் முரண் ஒன்றும் இல்லை. ஜென்ரூ என்ற இன்னொரு ரோலிங் டிஸ்ட்ரோவின் நிலையான கிளைகூட எல்.ரி.எஸ் பதிப்புகளைத்தான் பின்பற்றுகிறது.

ஆனால் எல்.ரி.எஸ்-ஐத் தெரிவுசெய்வதும் ஒரு பதிப்பில் உறையவைப்பதும் ஒன்றல்ல. நீங்கள் செய்தது இரண்டாவது. 2022 மார்ச்சில் டேர்ட்டி பைப் என்ற ஓட்டை வெளியானது நினைவிருக்கலாம், வாசிக்க மட்டும் உரிமை உள்ள பைலில் எந்தப் பயனரும் எழுதிவிடக்கூடிய அளவுக்கு மோசமானது. 5.8இல் நுழைந்த பிழை அது. 5.16.11, 5.15.25, 5.10.102 என்று அன்றைக்குப் பராமரிப்பில் இருந்த கிளைகளில் திருத்திவிட்டார்கள், எல்.ரி.எஸ்-காரரும் புதியது ஓட்டியவரும் ஒரே நேரத்தில் தப்பினார்கள். இடையில் 5.13இல் உறையவைத்துவிட்டு இருந்தவருக்கு ஒன்றும் வராது, அந்தக் கிளை முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்ட மஞ்சாரோ பாவிக்கிறவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அங்கே ஒவ்வொரு கேர்னல் கிளையும் தனிப் பொதி, நீங்களாகத்தான் அடுத்ததற்கு மாற வேண்டும். மாறாமல் விட்டால் அந்தக் கிளை முடிந்த பிறகு களஞ்சியத்தில் இருந்து நீங்கிவிடும், உங்கள் மெஷினில் மட்டும் அநாதையாக இருக்கும், பிறகு ஒருநாள் கிராபிக்ஸ் ட்ரைவர் பொருந்தாமல் கறுப்பு ஸ்கிரீன். மஞ்சாரோவில் இருக்கிற நண்பர்களுக்குச் சொல்லுங்கள், எல்.ரி.எஸ் ஒன்றையும் புதியது ஒன்றையும் வைத்துக்கொண்டு, பட்டியலை அடிக்கடி பார்க்கட்டும்.

ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் பழைய கேர்னலை என்ன செய்கிறது என்பது முக்கியம். ஓபன்சூசே டம்பிள்வீட் புதியது, அதற்கு முந்தியது, இப்போது ஓடிக்கொண்டிருப்பது மூன்றையும் தானாகவே வைத்திருக்கும், போதாததற்கு ஸ்னாப்பர் மூலம் முழுச் சிஸ்டத்தையும் முந்திய நிலைக்குக் கொண்டுபோகலாம், வெளியிட முன் ஓபன்கியூ.ஏ என்ற தானியங்கிச் சோதனை அமைப்பில் சோதிக்கிறார்கள். 2024இல் இருந்து நீண்ட காலக் கேர்னல் பொதியும் அங்கே உண்டு. வொயிட் (Void) லினக்ஸ் நீங்கள் அகற்றச் சொல்லும் வரை பழையது ஒன்றையும் தொடாது, டிஸ்க்தான் நிரம்பும். ஆர்ச் அப்படி இல்லை. புதியது வரும்போது பழையதை அந்த இடத்திலேயே எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும். பழைய பொதி கேஷ் போல்டரில் இருக்கும்தான், ஆனால் மெஷின் பூட் ஆகாவிட்டால் அந்தக் கேஷை எப்படி எட்டுவது? அதனால்தான் ஆர்ச்சில் எல்.ரி.எஸ்-ஐ இரண்டாவதாக வைக்கச் சொல்கிறேன். ஒன்று விழுந்தால் மெனுவில் கீழே இறங்கி மற்றதைத் தெரிவுசெய்து உள்ளே வரலாம், வந்து கேஷில் இருக்கிற முந்திய பொதியைத் திரும்பப் போடலாம்.

ஆர்ச் பழையதை உடனே எடுத்துவிடுவதால் வருகிற இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இதைப் பார்த்துத்தான் அப்டேற் யூ.எஸ்.பி-ஐ உடைத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டுகிறார்கள். அப்டேற் முடிந்தது, றீபூட் பண்ணவில்லை, அப்படியே வேலையைத் தொடர்கிறீர்கள். கொஞ்ச நேரத்தில் கூடப்படிக்கிற ஒருவர் பென்ட்ரைவ் கொண்டுவருகிறார், செருகுகிறீர்கள், லைட் எரிகிறது, ஆனால் பைல் மனேஜரில் ஒன்றும் வரவில்லை. ஏன் என்றால் நினைவகத்தில் ஓடுவது இன்னும் பழைய கேர்னல், பென்ட்ரைவுக்கு வேண்டிய மொடியூலை அது இதுவரை ஏற்றவில்லை, இப்போது ஏற்றப் போனால் அதன் பெயருள்ள போல்டரே டிஸ்க்கில் இல்லை, அப்டேற் எடுத்துவிட்டது. ஓடுகிற பதிப்பையும் இன்ஸ்டோல் ஆகியிருக்கிற பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எண் வேறாக இருக்கும். றீபூட் பண்ணினால் சரியாகிவிடும். அடிக்கடி இப்படி நடக்கிறதென்றால், பழைய மொடியூல்களை அடுத்த றீபூட் வரை பாதுகாத்து வைக்கிற கேர்னல்-மொடியூல்ஸ்-ஹூக் என்ற பொதி இருக்கிறது, போடுங்கள்.

இதே அறிகுறியோடு வருகிற வேறொரு வருத்தமும் உண்டு. பூட் பாட்டிஷன் தனியாக இருந்து, அது மவுன்ட் ஆகாத (சிஸ்டத்தோடு இணைக்கப்படாத) நேரத்தில் அப்டேற் ஓடியிருந்தால், புதிய கேர்னல் வெறும் போல்டருக்குள் போய் விழுந்திருக்கும், மெஷின் பழைய கேர்னலையே பூட் பண்ணும், மொடியூல்கள் புதியவை. எத்தனை தரம் றீபூட் பண்ணினாலும் எண் மாறாமல் இருந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது கரண்ட். 2022இல் ஒரு நாளில் பத்து மணித்தியாலத்துக்கு மேல் இருட்டில் இருந்த ஊர் இது, இப்போது அந்த நிலை இல்லை என்றாலும் மாரி மழை தொடங்கினால் மின்னலுக்கும் காற்றுக்கும் எப்போது போகும் என்று சொல்ல ஏலாது. பழைய லப்ரொப் என்றால் பற்றரியும் செத்திருக்கும். கேர்னல் அப்டேற்றின்போது நடப்பது இது: முதலில் பொதிகள் விரிக்கப்பட்டுப் பழைய மொடியூல்கள் போகும், பிறகு டி.கே.எம்.எஸ் கொம்பைல் பண்ணும், பிறகு எம்கே-இனிட்-சி.பி.ஐ.ஓ என்ற கருவி கேர்னல் பைலைப் பூட்டுக்குள் பிரதி எடுத்து, இனிட்ராம் பைலை (பூட் தொடக்கத்தில் கேர்னலுக்கு வேண்டிய மொடியூல்கள் உள்ள பைலை) கட்டும். உங்கள் மாதிரி மெஷினில் கொம்பைலுக்கும் கட்டுவதற்கும் கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த நேரம் முழுக்கச் சிஸ்டம் பாதி பழசு பாதி புதுசு. யூ.ஈ.எஃப்.ஐ மெஷின்களில் பூட் பாட்டிஷன் அநேகமாக எஃப்.ஏ.ரி32 பைல் சிஸ்டம், அதற்கு ஜேர்னல் (எழுதுவது பாதியில் நின்றால் மீட்க உதவும் பதிவு) கிடையாது. எழுதிக்கொண்டிருக்கையில் கரண்ட் போனால் பைல் வெறுமையாகவோ அரைகுறையாகவோ கிடக்கும், அடுத்த பூட்டில் ரூட் பைல் சிஸ்டத்தை எடுக்க முடியவில்லை என்று நின்றுவிடும். அப்படி நின்றால் பதற வேண்டாம், உங்கள் ப்ரொஜெக்ட் டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது. மெனுவில் மற்றக் கேர்னலைத் தெரிவுசெய்யுங்கள், அது பூட் ஆனால் பழுதான கேர்னல் பொதியை மறுபடி இன்ஸ்டோல் பண்ணுங்கள், முடிந்தது. ஒரே அப்டேற்றில் இரண்டு கேர்னலும் மாறிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருந்தால் இரண்டுமே ஏமாற்றலாம். அதற்குத்தான் ஆர்ச் இன்ஸ்டோல் பென்ட்ரைவ் ஒன்றை எப்போதும் மேசை லாச்சியில் வைத்திருக்கச் சொல்வது, அதில் பூட் பண்ணி ஆர்ச்-சிரூட் என்ற கட்டளை மூலம் உங்கள் சிஸ்டத்துக்கு உள்ளே போய் அதே வேலையைச் செய்யலாம். பற்றரி நிற்காத லப்ரொப் என்றால் யூ.பி.எஸ் உள்ள இடத்தில் வைத்து அப்டேற் கொடுங்கள், மழை இருட்டிக்கொண்டு வருகிற பின்னேரத்தில் கொடுக்க வேண்டாம்.

டேற்றாச் செலவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்.ரி.எஸ் போட்டால் டவுன்லோட் குறையும் என்று யாரோ சொன்னது சரியில்லை. கேர்னல் பொதி ஒவ்வொன்றும் 100 எம்.பி-க்கு மேல், எல்.ரி.எஸ்-க்கும் கிழமைக்குக் கிழமை வெளியீடு, இரண்டு வைத்தால் இரண்டுக்கும் இறங்கும், ஹெடர்ஸ் வேறு. குறைக்க ஒரே வழி அப்டேற்றை இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கொடுப்பது, கொடுக்கும்போது முழுவதையும் ஒன்றாகக் கொடுப்பது. இடைப்பட்ட பதிப்புகளை எல்லாம் தாண்டி நேரே கடைசிக்குப் போய்விடும். ஒரு பொதியை மட்டும் புதுப்பிப்பது, ஒன்றை மட்டும் நிறுத்துவது இரண்டும் ஆர்ச்சில் வேண்டாம். புதிய கேர்னலில் உண்மையாகவே ஏதோ பழுது என்று தெரிந்தால் எல்.ரி.எஸ்-இல் பூட் பண்ணிவிட்டு அடுத்த அப்டேற் வரும்வரை இருங்கள், எதையும் நிறுத்திவைக்கத் தேவை வராது.

ஜென், ஹார்டன்ட், கேஷிஓஎஸ் கேர்னல் என்று வேறும் இருக்கின்றன. கேம் விளையாடுகிறவர்கள், ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பார்க்கட்டும். உங்கள் மெஷினில் எடிட்டரும் ப்ரவுசரும்தான் ஓடுகிறது, வித்தியாசம் தெரியாது. மூன்றாவது கேர்னல் என்றால் டி.கே.எம்.எஸ்-க்கு மூன்றாவது கொம்பைல், அவ்வளவுதான் மிச்சம்.

கடைசியாக, இந்தத் தொல்லை முழுவதும் வந்தது ஒரு வைஃபை கார்டால். நாலாம் தலைமுறை லப்ரொப்களில் அநேகமாக அது பின்மூடிக்குக் கீழே ஒரு ஆணியில் நிற்கிற சின்னக் கார்ட், மாற்றலாம். இன்ரெல் 7260, அல்லது அதரோஸ் ஏ.ஆர்.9285 போன்ற ஒன்று கைமாற்றில் கிடைத்தால் வாங்குங்கள், இரண்டுக்கும் ட்ரைவர் கேர்னலுக்குள்ளேயே பல காலமாக இருக்கிறது. போட்டுவிட்டால் புரோட்கொம் பொதியையும் டி.கே.எம்.எஸ்-ஐயும் இரண்டு ஹெடர்ஸையும் நீக்கிவிடலாம், எந்தக் கேர்னலில் பூட் பண்ணினாலும் வைஃபை வரும். வாங்க முன் இரண்டு விஷயம். உங்கள் ஸ்லொட் மினி பி.சி.ஐ.ஈ-யா எம்.2-வா என்று திறந்து பாருங்கள், 7260 இரண்டு வடிவிலும் வந்தது, அதரோஸ் மினி பி.சி.ஐ.ஈ மட்டும். மற்றது, அந்தக் காலத்து ஹெச்.பி, லெனோவோ சிலவற்றின் பயோஸ் தன் பட்டியலில் இல்லாத கார்டைக் கண்டால் பூட் ஆகவே விடாது. ஆகவே லப்ரொப்பைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு, மெஷின் எழும்பி வைஃபை பிடிக்கிறதைப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.